250 கிராம் ஸ்ட்ரோபெரிப் பெட்டியில் எத்தனை கப் வரும்?

கேட்டிருப்பது இதுதான்: கேக் குறிப்பில் "நறுக்கிய ஸ்ட்ரோபெரி 2 கப்" என்று இருக்கிறது, ஜாம் குறிப்பில் "1 பைன்ட்" என்று இருக்கிறது, மட்டக்களப்பில் கடையில் கிடைப்பதோ 250 கிராம் பெட்டி. எத்தனை பெட்டி வாங்குவது?

கேக்குக்கு இரண்டு பெட்டி வாங்குங்கள். ஜாமையும் அதே நாளில் செய்வதென்றால் மொத்தம் மூன்று போதும்.

நான் கல்லடியில் வீட்டிலிருந்தே ஓடருக்குக் கேக் செய்கிறேன். நம்முடைய வெயிலுக்கு ஸ்ட்ரோபெரி வளராது. நுவரெலியாவில் பறித்தது பதுளை, செங்கலடி வழியாக மலையிறங்கி வந்து சேர்வதற்குள் பெட்டியின் அடியில் இருப்பவை கசிந்துவிடும். விலையும் கொஞ்சமல்ல. அதனால் ஒரு பழம்கூட வீணாகாமல் கணக்குப் பார்த்து வாங்கப் பழகிவிட்டேன்.

கப் கணக்கில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், பழத்தை என்ன செய்து கப்பில் போடுகிறோம் என்பதில். 237 மில்லிலீற்றர் பிடிக்கும் அமெரிக்கக் கப்பில் முழுப் பழம் 144 கிராம்தான் கொள்ளும். பாதியாக வெட்டிப் போட்டால் 152, வில்லைகளாக நறுக்கினால் 166, மசித்து ஊற்றினால் 232 கிராம். கப் மாறவில்லை, பழத்துக்கு இடையில் நிற்கும் காற்றுத்தான் குறைந்துகொண்டு போகிறது. பாலைப்பழக் காலத்தில் தெருவோரம் பேணியால் அளந்து விற்பார்களே, அதை நினைத்துப் பாருங்கள். என் பெத்தா, அதாவது பாட்டி, அந்தப் பேணியைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டா. "குலுக்கிப் போட்டு அள மனே" என்பா. குலுக்கினால் இடைவெளி அடைபட்டு நாலு பழம் கூட வரும் என்பது அவவுக்குத் தெரியும். ஸ்ட்ரோபெரி பாலைப்பழத்தைவிடப் பெரிது, வடிவமும் ஒன்றைப்போல ஒன்று இல்லை. அதனால் இடைவெளியும் அதிகம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்வீட்டு அக்கா மகளின் பிறந்தநாளுக்கு ஸ்ட்ரோபெரிக் கேக் கேட்டிருந்தா. குறிப்பில் நறுக்கிய பழம் ஒரு கப். வந்த பெட்டியில் பாதி கசிந்திருந்ததால், எப்படியும் மாவுக்குள் போகப்போவதுதானே என்று மசித்து, ஒரு கப் அளந்து ஊற்றினேன். ஓரமெல்லாம் சிவந்து வெந்தது, நடுப்பகுதி களியாகவே இருந்தது. எத்தனை நிமிடம் கூட வைத்தும் சரிவரவில்லை. இரவோடு இரவாக வேறு கேக் அடித்துக் கொடுத்தேன், ஆனால் ஸ்ட்ரோபெரி இல்லை. மறுநாள் காலை அந்தப் பிள்ளையின் முகம் வாடியதை இப்போதும் மறக்கவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 166 கிராம் போகவேண்டிய இடத்தில் 232 போயிருக்கிறது. கூடிப்போனது 66 கிராம். ஸ்ட்ரோபெரியில் நூற்றுக்கு 91 பங்கு தண்ணீர். ஆக, நாலு மேசைக்கரண்டித் தண்ணீரை நானே மாவில் சேர்த்திருக்கிறேன். மசித்துப் போட்டதில் பிழையில்லை, 166 கிராமை நிறுத்து மசித்திருக்க வேண்டும்.

உங்கள் கேக்குக்கு வருவோம். நறுக்கிய பழம் 2 கப் என்றால் 332 கிராம். 250 கிராம் பெட்டியில் காம்பும் இலையும் களைந்தால் எனக்குப் பெரும்பாலும் 230 கிராம் அளவில்தான் மிஞ்சும். அது ஒன்றரைக் கப்பைக்கூட எட்டாது. குறிப்பின் வார்த்தை ஒழுங்கையும் கவனியுங்கள். "நறுக்கிய ஸ்ட்ரோபெரி 2 கப்" என்றால் நறுக்கிய பிறகு அளப்பது. "ஸ்ட்ரோபெரி 2 கப், நறுக்கவும்" என்றால் முழுசாக அளந்துவிட்டு நறுக்குவது, அது 288 கிராம்தான். நடுத்தரப் பழம் ஒன்று 12 கிராம் அளவில் இருக்கும், ஆகவே மூன்று நாலு பழம் வித்தியாசம். கேக்கின் மேல் அடுக்குவதற்கென்றால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உங்களிடம் இருக்கும் கப்பின் அடியையும் ஒருமுறை பாருங்கள். 250 மில்லிலீற்றர் என்று இருந்தால் ஒவ்வொரு கப்புக்கும் சற்றே கூடுதலாக விழும்.

பைன்ட் என்பது அமெரிக்காவில் பழம் விற்கும் பெட்டியின் அளவு, ஏறக்குறைய 551 மில்லிலீற்றர். இலையோடு முழுப் பழமாக 335 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜாமுக்கு கப்பையும் பைன்டையும் விட்டுவிடுங்கள் என்றுதான் நான் கெஞ்சிக் கேட்பேன். ஒரு கப் முழுப் பழத்துக்கு ஒரு கப் சீனி என்று போட்டால் சமமாகப் போட்டதுபோலத் தெரியும். நிறுத்தால் பழம் 144 கிராம், சீனி 200 கிராம். ஒரே பாட்டமாக இனிக்கும், பழத்தின் புளிப்பே தெரியாது. காம்பு களைந்த பழத்தை நிறுத்து, அதன் எடையில் முக்கால் பங்கு சீனி போடுங்கள். ஸ்ட்ரோபெரியில் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் குறைவு, அதனால் தேசிக்காய்ப் புளி சேர்த்தால்தான் இறுகும். சீனி குறைந்த ஜாமைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், நம்முடைய வெக்கைக்கு வெளியில் தாங்காது.

வீட்டில் தராசு இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. அளவுக் கோடு போட்ட பெரிய சாடியில் 500 மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்து, பழங்களை இலையோடு முழுசாகப் போடுங்கள். ஸ்ட்ரோபெரி மிதக்கும். மிதக்கும் பொருள் தன் எடையளவு தண்ணீரைத்தான் விலக்கும். ஆகவே தண்ணீர் 500இலிருந்து 650க்கு ஏறினால் உள்ளே இருப்பது 150 கிராம். பழம் அடியைத் தொடக்கூடாது, கையால் அழுத்தவும் கூடாது. காம்புக்கென்று அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். நறுக்கிய பழத்தை இப்படி அளக்க வேண்டாம், சாறெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அளந்ததும் எடுத்து, துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிட்டு நறுக்குங்கள்.

உறைந்த பழம் வாங்கினால் கல்லாக இருக்கும்போதே நிறுத்துக்கொள்ளுங்கள். இளகினால் தளர்ந்து படிந்துவிடும், கப்பில் அளந்தால் கூடுதலாகப் போய்விடும். இளகியபின் நிறுப்பதென்றால் வடிந்த சாறையும் சேர்த்து நிறுக்க வேண்டும்.

கேக்குக்கு மட்டும் இரண்டு பெட்டி வாங்கினால் நூறு கிராமுக்கு மேல் மிஞ்சும். அதை அன்றைக்கே எருமைத் தயிரில் போட்டு, கித்துள் பாணி ஊற்றி, பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அதற்கு ஒரு அளவும் வேண்டாம்.