கேபினுக்கு மேல் கேரியர்: காலை எங்கே ஊன்றுவது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் சொட்டுநீர்ப் பாசனமும் போர்வெல் மோட்டார் வேலையும் செய்கிறேன். பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறேன், பாரம் ஏற்றும் தொட்டி 9 அடி. மோட்டார் இறக்கும் பைப் 10 அடி, ஏணி 12 அடி, சில நாள் 20 அடி பி.வி.சி. பைப்பும் ஏற்ற வேண்டியிருக்கிறது. எல்லாம் பின்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகிறது. அதனால் மேலே ஒரு கேரியர் அடிக்கலாம் என்று இருக்கிறேன். வெல்டிங் பட்டறைக்காரர், "கேபின் மேல ரெண்டு கால், பாடியில நாலு கால் வெச்சு ஒரே ஃபிரேமா அடிச்சிடலாம், கல்லு மாதிரி நிக்கும்" என்கிறார். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் ஒருவர் 8,000 ரூபாய் கொடுத்தால் கேரியரை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கேரியர் போடலாம். ஆனால் பட்டறைக்காரர் சொல்கிற மாதிரி போடாதீர்கள். வாசலில் நிற்பவருக்கு 8 ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வண்டியில் கேபின் தனி, தொட்டி தனி. இரண்டும் ஒரே சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் உட்கார்ந்திருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் ஒரு சந்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சந்து வேண்டுமென்றே விட்டது. கேபின் ரப்பர் புஷ் மேல் நிற்கிறது, தொட்டி நேராகச் சேஸிஸோடு முடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு சக்கரம் வரப்பில் ஏறி இன்னொன்று பள்ளத்தில் இறங்கும்போது சேஸிஸ் லேசாக முறுக்கிக்கொள்ளும். அப்போது கேபின் ஒரு பக்கமும் தொட்டி வேறு பக்கமும் சாயும். நீங்கள் போகிற தோட்டங்களில் கடைசி ஒரு கிலோமீட்டருக்குத் தார் ரோடு எங்கே இருக்கிறது? தினமும் இது நடக்கும்.

இரண்டையும் ஒரே ஃபிரேமில் பிணைத்துவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் கேரியர் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒன்று, வெல்டு விரியும். வெல்டு பலமாக இருந்தால் கேபின் கூரை கிழியும். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அப்புறம் மழைக்கு ஒழுகும், துரு பிடிக்கும், கதவு சரியாகச் சாத்தாது. கல்லு மாதிரி நிற்பதுதான் இங்கே கெடுதலே.

ஆகவே கால்கள் ஆறும் தொட்டியில்தான் நிற்க வேண்டும். கேபினுக்கு மேல் வரும் பகுதி, தொட்டியின் முன்பக்கக் கால்களில் இருந்து முன்னால் நீண்டு அந்தரத்தில் நிற்கட்டும். கூரைக்கும் கம்பிக்கும் நடுவே 3 அங்குலம் விடுங்கள். நீட்டம் 3 அடியோடு நிற்கட்டும், அதற்கு மேல் போனால் தாங்குகிற கால்கள் முன்னால் வளையும். தொட்டி 9, நீட்டம் 3, உங்கள் ஏணி சரியாக அடங்கிவிடும்.

கால்களுக்கும் நீளவாட்டுக் கம்பிகளுக்கும் 40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம். குறுக்குக் கம்பிகளுக்கு 25 மி.மீ. சதுரக் குழாய் போதும். முன்கால்களில் இருந்து நீட்டத்துக்குச் சாய்வுத் தாங்கல் வையுங்கள், பக்கவாட்டிலும் கிராஸ் கம்பி வையுங்கள். கிராஸ் இல்லாத கேரியர் வளைவில் பக்கவாட்டில் ஆடும். கனமாகப் போட்டால் பலம் என்று 3 மி.மீ. குழாயைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கிலோ கணக்கில் காசு வாங்குகிறவர்களுக்கு அதில் ஆசை இருக்கத்தான் செய்யும். 2 மி.மீ.யிலேயே கேரியர் 60, 70 கிலோ வரும். அந்த எடை உங்கள் பாரத்தில் கழியும் என்பதை மறக்க வேண்டாம்.

வெல்டிங் எல்லாம் தரையில் நடக்கட்டும். வண்டியில் போல்ட் மட்டும். சேஸிஸில் வெல்டிங் முனையையே காட்டக் கூடாது, சூடு பட்ட இடத்தில்தான் பிற்பாடு விரிசல் விழும். பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி என்றால் உள்ளே இருக்கும் கணினிப் பெட்டியும் போய்விடலாம். எப்படியும் ஓர் இடத்தில் வண்டியிலேயே பற்ற வைத்தாக வேண்டும் என்று அடம்பிடித்தால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மறுக்கும் பட்டறையில் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கால் ஒவ்வொன்றுக்கும் கீழே 5 மி.மீ. பிளேட், தொட்டியின் அடியிலும் அதே அளவு பிளேட், நடுவே நான்கு 10 மி.மீ. போல்ட். தரைத்தகட்டில் மட்டும் பிடித்தால் போதாது, தகட்டுக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தோடு பிடிக்க வேண்டும். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். ஒன்றும் பொறிக்காத போல்ட் கொட்டாங்கச்சிக்குச் சமம். நட்டு நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும். துளை போட்ட இடத்தில் பெயிண்ட் தடவாமல் போல்ட் மாட்ட விடாதீர்கள்.

மேலே எதை வைப்பது என்பதில் கறாராக இருங்கள். ஏணியும் பி.வி.சி.யும் மேலே போகலாம். மோட்டார், கேபிள் சுருள், ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) எல்லாம் கீழேதான். 2 அங்குல ஜி.ஐ. குழாய் மீட்டருக்கு 5 கிலோ வரும், நாலைந்து சேர்ந்தால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பாச்சலூர் மலைப்பாதையில் மேல்பாரத்தோடு கொண்டை ஊசி வளைவு திரும்பினால் உள்பக்கச் சக்கரம் எப்போது இலேசாகும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கே தெரியாது. 10 அடி பைப்பையும் முடிந்தவரை கீழேயே வையுங்கள். ஐந்தரை அடி அகலத் தொட்டியில் மூலைக்கு மூலை சாய்த்தால் கொஞ்சம் அடங்கும்.

பி.வி.சி. வழுக்கும். நல்ல பிரேக் அடித்தால் சுமையின் எடையில் பாதிக்கு மேல் விசையாக முன்னால் தள்ளும். எனவே கேரியரின் முன்னால் குறுக்கே ஒரு தடுப்புத் தகடு இருந்தே ஆக வேண்டும். வெறும் கம்பி போட்டால் பைப் அதன் சந்தில் நுழைந்து வெளியேறிவிடும். நைலான் கயிறு இழுபடும், ராட்செட் பெல்ட் (கைப்பிடியால் இழுத்து இறுக்கும் பட்டை) வாங்கிக்கொள்ளுங்கள்.

20 அடி பைப்பை இந்த வண்டியில் ஏற்றவே வேண்டாம். மொத்த வண்டியே அவ்வளவு நீளம் வராது. கடைக்காரரை லாரியில் இறக்கித் தரச் சொல்லுங்கள், இல்லை கடையிலேயே 10 அடியாக வெட்டி, தோட்டத்தில் கப்ளர் போட்டு ஒட்டுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 194ஆவது பிரிவின்படி, முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். இறக்கிவைக்கும் கூலியும் உங்கள் தலையில்தான். சிவப்புத் துணி கட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி அந்த வாசல்காரர். அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்வது இது: ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. எது மாற்றம் என்பதற்கும் அதிலேயே விளக்கம் உண்டு: அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பில் செய்வது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே படித்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும்.

போல்ட்டைக் கழற்றினால் பழைய வண்டியாகவே திரும்பிவிடும் கேரியர் கட்டமைப்பு மாற்றமா? இல்லை என்பதுதான் என் கருத்து. வெல்டு வைத்தால் அந்த வாதமே போய்விடும், போல்ட் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஆனால் 70 கிலோ கூடினால் ஆர்.சி.யில் இருக்கும் காலி எடை மாறுகிறதே என்று ஓர் ஆய்வாளர் கேட்டால் அதையும் தவறென்று சொல்ல முடியாது. ஒரே கேரியர் ஓர் அலுவலகத்தில் எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கும், பக்கத்து அலுவலகத்தில் வாங்காது. கழற்றக்கூடிய கேரியர் இத்தனை கிலோ, இத்தனை அடி உயரம் வரை பரவாயில்லை என்று ஒற்றைப் பக்கச் சுற்றறிக்கை போட்டால் தீரும் விஷயம். அது வராததால்தான் வாசலில் நிற்பவர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது.

அவர் "ஏற்றித் தருகிறேன்" என்று சொல்வது பெரும்பாலும் இதுதான்: உங்களிடம் பணம் வாங்குவார், எஃப்.சி. அன்று கேரியரைக் கழற்றிவிட்டு வரச் சொல்வார், மறுநாள் மாட்டிக்கொள்ளச் சொல்வார். ஆர்.சி.யில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. இதை நீங்களே சும்மா செய்யலாமே, அதற்கு எதற்கு 8,000? விபத்து வண்டிகளை மதிப்பிடுவது என் வேலை. "எல்லாம் ஏற்றியாச்சுங்க" என்று வண்டிக்காரர் சத்தியம் செய்வார், ஆர்.சி.யைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. காப்பீட்டுக் கம்பெனி சொந்தச் சேதத்துக்குப் பணத்தைப் பிடித்துவைக்க அது ஒன்று போதும்.

நேர்வழி ஒன்று உண்டு. அடிப்பதற்கு முன்பே பென்சிலால் ஒரு படம் போட்டு, நீளம், உயரம், எடை எழுதி, உங்கள் பகுதி மோட்டார் வாகன ஆய்வாளரை நேரில் பாருங்கள். ஏற்ற வேண்டும் என்று அவர் சொன்னால் அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே வாகன மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேண்டாம் என்று சொன்னால், படத்தோடு ஒரு மனு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டுவையுங்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் அடுத்த வண்டி எடுக்கும்போது உதவும் என்பதால் சொல்கிறேன். சில வண்டிகளைத் தொட்டி இல்லாமல், கேபினும் சேஸிஸுமாக வாங்கி, வெளியே பாடி கட்டிப் பதிவு செய்வார்கள். அப்போது படிவம் 22-ஏ தேவை. முதல் பகுதியை வண்டி தயாரித்தவர் தருவார், இரண்டாம் பகுதியை பாடி கட்டியவர் தருவார். கேரியரையும் அந்த பாடியோடு சேர்த்தே கட்டி, அதோடு சேர்த்தே எடை போட்டுப் பதிந்துவிட்டால், கேரியர் வண்டியின் பிறவி அங்கம் ஆகிவிடும். காலி எடையும் அதைச் சேர்த்தே பதிவாகும். பிற்பாடு யாரும் மாற்றம் என்று கேட்க முடியாது. ஆனால் வரிசை முக்கியம். பதிவு முடிந்த பிறகு கேரியர் அடித்துவிட்டு, பாடி கட்டியவரிடம் முன்தேதி போட்ட சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றும் ஆட்கள் வருவார்கள். அது விதிவிலக்கு இல்லை, மோசடி. கையெழுத்துப் போட்ட உங்கள் மேல்தான் வழக்கு வரும், வாங்கிக் கொடுத்தவர் காணாமல் போயிருப்பார்.

கேரியர் மாட்டிய பிறகு ஒவ்வொரு நட்டிலும் பிளேட்டிலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயிண்ட் இழுத்துவிடுங்கள். முதல் ஒரு வாரம் ஓட்டியதும் குனிந்து பாருங்கள், அப்புறம் மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது, முடுக்கிவிட்டுக் கோட்டைத் திரும்பப் போடுங்கள். அதே நட்டு மறுபடியும் திரும்பினால் முடுக்கிக்கொண்டே இருக்காமல் நட்டையே மாற்றிவிடுங்கள்.