கேள்வி – பதில்: கோடை முகாமில் தலைமைப் பயிற்சி

கேள்வி: எட்டாம் வகுப்புப் பையனைக் கோடை விடுமுறையில் தலைமைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இந்த வயதில் பலிக்குமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: 1907 ஆகஸ்டில் பேடன்-பவல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கூடாரத்தில் தங்க வைத்தார். ஓநாய், காளை என்றெல்லாம் பெயர் வைத்து நான்கு அணிகள்; அணிக்கொரு மூத்த பையன் பொறுப்பு. சாரணர் இயக்கம் அதிலிருந்து கிளம்பியதுதான்.

இன்றும் உருப்படியான முகாம் அப்படித்தான். விறகு ஈரம், சோறு வேகவில்லை, சின்னவன் ஒருவன் 'வீட்டுக்குப் போகணும்' என்று அழுகிறான். அணித் தலைவன்தான் சமாளிக்க வேண்டும். ஏசி ஹாலில் உட்கார்த்தி வைத்துப் பேசி, சான்றிதழோடு குரூப் போட்டோ என்றால் காசு தண்டம். பாத்திரம் யார் கழுவுவது என்று கேளுங்கள். 'பிள்ளைகள்தான்' என்றால் தாராளமாக அனுப்புங்கள். அப்புறம், ராத்திரி கூட யார் தங்குகிறார்கள் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.