கேள்வி நேரம்: சுருள், காந்தம், அலை

கேள்வி: எனாமல் கம்பியில் 100 சுற்று போட்டு, நடுவில் காந்தத்தை ஆட்டினேன். எல்.இ.டி. கண் சிமிட்டக்கூட இல்லை. எங்கே தவறு?

பதில்: ஆட்டிய முறை சரிதான், அளவுதான் போதவில்லை. சுருளில் எழும் மின்னழுத்தம் என்பது சுற்றுகளின் எண்ணிக்கையை, காந்தப்பாயம் (சுருளின் பரப்பை ஊடுருவும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) ஒரு விநாடிக்கு மாறும் அளவால் பெருக்கினால் வருவது. சாதாரண கறுப்பு ஃபெரைட் காந்தத்தின் முகத்தில் சுமார் 0.1 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) இருக்கும். முகப்பு ஒரு சதுர செ.மீ. என்றால் பாயம் 0.00001 வெபர். கையால் மெல்ல நகர்த்தி அது 0.1 விநாடியில் மாறினால், 100 சுற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது 10 மில்லிவோல்ட். சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும். வெள்ளைக்கு 3 வோல்ட்.

அதனால் காந்தம், வேகம், சுற்று மூன்றையும் கூட்டுங்கள். நியோடிமியம் காந்தம் (முகத்தில் சுமார் 0.4 டெஸ்லா), 0.2 மி.மீ. கம்பியில் 1000 சுற்று. காந்தம் சுருளை 0.01 விநாடியில் கடக்கும்படி குலுக்கினால் 4 வோல்ட் வரை எழும். சிவப்பு எல்.இ.டி.க்குத் தாராளம்.

பலர் கோட்டை விடுவது கம்பி முனையில். மின்காப்புப் பூச்சான எனாமலை உப்புத்தாளால் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிய வேண்டும். மல்டிமீட்டரில் பாருங்கள்: இந்தச் சுருளுக்கு 30 ஓம் போலக் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் எனாமல் போகவில்லை, அல்லது கம்பி அறுந்திருக்கிறது. இடமிருந்து வலம் ஓர் அடுக்கு, திரும்பி வலமிருந்து இடம் ஓர் அடுக்கு என்று போகலாம். ஆனால் சுழற்றும் திசை மட்டும் கடைசி வரை மாறக் கூடாது. பாதியில் மாற்றினால் ஒரு பாதி மற்றதை அழித்துவிடும்.

சுருளின் அகலமும் காந்தத்தின் நீளத்தை ஒட்டியே இருக்கட்டும். மிக அகலமான சுருளின் நடுவில் காந்தம் ஓடும்போது, முன்னால் உள்ள சுற்றுகளில் பாயம் கூடும், பின்னால் உள்ளவற்றில் குறையும். இரண்டும் எதிரெதிராகிக் கழிந்துபோகும். எல்.இ.டி. ஒரு திசையில்தான் எரியும் என்பதால், இரண்டை எதிரெதிர்த் திசையில் இணையாகப் போடுங்கள். காந்தம் உள்ளே போகையில் ஒன்று, வெளியே வருகையில் மற்றொன்று எரிவதைப் பார்த்தாலே தூண்டல், அதாவது மாறும் பாயம் மின்னழுத்தத்தை எழுப்புவது, பாதி புரிந்துவிடும்.

கேள்வி: 230/12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் 12 வோல்ட் பக்கம் பேட்டரியைக் கொடுத்தேன். மறுபக்கம் மின்சாரம் வரவில்லை, சுருள் சூடானது. ஆனால் வயரை எடுத்தபோது ஷாக் அடித்தது!

பதில்: தயவுசெய்து மறுபடி செய்யாதீர்கள். பேட்டரி தருவது மாறாத மின்னோட்டம். பாயம் ஒரு நிலைக்கு வந்து நின்றபின் தூண்டல் இல்லை. எதிர்த்து நிற்கும் மின்னழுத்தமும் இல்லாததால், சுருளின் ஏறத்தாழ 1 ஓம் மின்தடை மட்டுமே தடுக்கிறது: 12 ஆம்பியர் வரை, 144 வாட் சூடு. ஓர் ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது.

வயரை எடுத்ததும் மின்னோட்டம் சட்டென்று விழுகிறது, பாயமும் கூடவே விழுகிறது. மறுபக்கம் 19 மடங்கு சுற்றுகள் இருப்பதால் அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் எழுந்திருக்கும். 1831 ஆகஸ்ட் 29 அன்று, இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றிய ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே கண்டதும் இதுவே: பேட்டரியை இணைக்கும் கணத்திலும் எடுக்கும் கணத்திலும் மட்டும், மறு சுருளின் மின்னோட்டத்தைக் காட்டும் ஊசி அசைந்தது. ரிலேயின் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) சுருளுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடைத் தலைகீழாக இணைப்பதும், இந்தத் திடீர் மின்னழுத்த உதறலிலிருந்து அதை இயக்கும் டிரான்சிஸ்டரைக் காக்கத்தான்.

கேள்வி: வயர்லெஸ் சார்ஜரில் போனுக்கு வருவது ரேடியோ அலையா?

பதில்: இல்லை, தூண்டல்தான். இவ்வகை சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் இயங்குகின்றன. 150 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 2 கி.மீ. சில செ.மீ. சுருள் அந்த அலையை வீசும் ஆன்டெனாவாக முடியாது. மாறும் காந்தப்புலம் அருகிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் போனை ஓரிரு செ.மீ. தூக்கினாலே சார்ஜ் நின்றுபோகிறது. இடையில் நாணயமோ உலோகத் தகடோ இருந்தால், அதிலும் சுழல் மின்னோட்டம் பாய்ந்து சூடேறும். வைக்கும் முன் எடுத்துவிடுங்கள்.