அன்று அப்பா எதிரில் இல்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 31. இந்த ஒரு வருடத்தில் நண்பர்களோடு மூன்று முறை மேஜிக் காளான் என்ற போதைக் காளான் சாப்பிட்டேன். இரண்டாவது முறை, என்னை அடித்தே வளர்த்த அப்பாவை முழு மனதோடு மன்னித்தேன். அழுது தீர்த்தேன். நோட்டில் நான்கு பக்கம் எழுதினேன். சரியாக ஒன்பதாம் நாள் அவர் ஏதோ கேட்க, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன். நோட்டைப் பிரித்தால் 'எல்லாம் ஒன்று, எல்லாம் ஒன்று' என்றுதான் இருக்கிறது. இரண்டு மாதமாகத் தியானம் செய்கிறேன். முட்டி வலிதான் மிச்சம். நாலைந்து மணி நேரத்தில் திறந்த கதவு இதில் திறக்கவே இல்லை. நான்காவது முறை போகலாமா? அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் உண்டு. அது வேறு விஷயம் என்று நினைக்கிறேன்.

பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகருக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அது வேறு விஷயம் இல்லை. உடன்பிறந்தவருக்கு மனச்சிதைவு இருந்தால் உங்களுக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். காளானில் உள்ள சைலோசைபின் என்ற பொருள், மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளுக்கான ஏற்பிகளைத் தூண்டுகிறது. அந்த வாய்ப்பு உள்ள ஒருவரை அது, நிஜம் எது என்றே தெரியாத மனப்பிறழ்வில் தள்ளிவிடக்கூடும். மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்து நடத்தும் ஆய்வுகளில்கூட உங்களைப் போன்றவர்களை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. மூன்று முறை தப்பித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். போகாதீர்கள்.

அந்த நோட்டுக்கு வருகிறேன். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சிரிப்பூட்டும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்துவிட்டு, பேருண்மை பிடிபட்ட பரவசத்தில் பக்கம் பக்கமாக எழுதினார். தெளிந்து படித்தால் அவை வெறும் பிதற்றலாகத் தெரியும் என்று 1882இல் அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த அனுபவத்தை அவர் ஒதுக்கிவிடவில்லை. நானும் ஒதுக்கமாட்டேன், உங்களுக்கு வந்த அழுகை உண்மையானது. ஆனால் அன்று அப்பா எதிரில் இல்லையே!

நீங்கள் மன்னித்தது மனதுக்குள் இருந்த அப்பாவை. அவர் எதிர்த்துப் பேசமாட்டார், கேட்டதையே திரும்பக் கேட்கமாட்டார். நிஜ அப்பா சாப்பிடும் நேரம் பார்த்துக் கேட்கிறார். அந்தக் குரல் காதில் விழுந்து, தோள் இறுகி, வார்த்தை வாய்க்கு வருவதற்குள் ஒரு நொடி இருக்கிறது. தியானத்தில் பழகுவது அந்த நொடியைத்தான். கதவு எப்போது திறக்கும் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்தால் முட்டிதான் வலிக்கும். (சம்மணம் கட்டாயமில்லை, நாற்காலி போதும்.)

அடி வாங்கிய கதையை ஓர் ஆலோசகரிடம் நேரில் பேசுங்கள். மன்னித்தே ஆகவேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. தூக்கம் கெட்டாலோ, யாரோ பேசுவதுபோல் காதில் கேட்டாலோ அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள்; காளான் சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்று கவனித்தேன். எத்தனை பக்கம் எழுதினீர்கள், எத்தனையாவது நாள் கத்தினீர்கள் எல்லாம் நினைவிருக்கிறது. அப்பா கேட்டது மட்டும் 'ஏதோ' ஆகிவிட்டது. அது என்னவென்று எழுதுங்கள்.