திம்பம் மலைப்பாதையில் ஜிபிஎஸ்ஸை நம்பலாமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம் வழியாக மைசூருக்குக் காரில் போகிறோம். காட்டுக்குள் டவர் கிடைக்காது என்கிறார்கள். கைபேசியில் இருக்கும் மேப் போதுமா, தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா?

பதில்: கைபேசியே போதும். ஆனால் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே அதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

டவர் வேறு, செயற்கைக்கோள் வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சிக்னலை உங்கள் கைபேசி வானொலிப்பெட்டி மாதிரி கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்கு இணையமோ சிம் கார்டோ தேவையில்லை. இணையம் தேவைப்படுவது வரைபடத்தை இறக்கவும் நெரிசலைத் தெரிந்துகொள்ளவும்தான். டவர் போனதும் திரையில் நீலப்புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும், அதன் அடியில் சாலை மட்டும் காணாமல் போயிருக்கும். பலர் இதைப் பார்த்து 'ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை' என்று நினைத்துவிடுகிறார்கள்.

அதனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் மேப்ஸ்', பிறகு 'செலக்ட் யுவர் ஓன் மேப்' என்று போங்கள். கோவையும் மைசூரும் சேர்ந்து அடங்கும்படி கட்டத்தை இழுத்து, வைஃபையில் இறக்குங்கள். போன வருடம் இறக்கியது காலாவதியாகியிருக்கும், புதுப்பியுங்கள். பிறகு ஏரோப்ளேன் மோடில் போட்டு, லொகேஷனை மட்டும் இயக்கி, திம்பம் தாண்டி வரும் ஹாசனூருக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழி வந்தால் தயார். ஆஃப்லைனில் நெரிசல் தகவலும் மாற்றுப் பாதையும் வராது, நடந்து போகும் வழியும் காட்டாது.

மேப்பை டவர் இருக்கும்போதே, சத்தியமங்கலத்திலேயே இயக்கிவிடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில், 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. மரங்களுக்கு நடுவே ஓடும் காரில் இடையில் சிக்னல் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். இணையம் இருந்தால் அதே விவரம் சில நொடியில் கிடைத்துவிடும். ஒருமுறை பிடித்த பிறகு அணைக்காதீர்கள். பேட்டரி சேவரையும் எடுத்துவிடுங்கள், அது லொகேஷனை நிறுத்திவிடலாம்.

மலையேறும்போது புள்ளி தடுமாறும். ஒரு பக்கம் மலைச்சுவர் பாதி வானத்தை மறைத்துவிடுகிறது. பாறையில் மோதித் திரும்பும் சிக்னல் கொஞ்சம் தாமதமாக வருகிறது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தாமதித்தால்கூடக் கணக்கில் 300 மீட்டர் பிசகும். நடைமுறையில் பிழை அவ்வளவு போகாது, ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாலை மடிந்து கிடக்கும் கொண்டை ஊசி வளைவில் சில பத்து மீட்டரே குழப்பப் போதும். நீங்கள் ஏழாவது வளைவில் இருக்க, அது எட்டாவதில் காட்டும். அங்கே கிளைச்சாலை இல்லை என்பதால் குரலைப் பொருட்படுத்தாமல், எதிரே வரும் லாரியைக் கவனித்து ஓட்டுங்கள். ஜிபிஎஸ்ஸின் புதிய அலைவரிசையான எல்5-ஐயும் பிடிக்கும் கைபேசிகளில் இந்தத் தடுமாற்றம் குறைவு.

இதைவிடப் பெரிய ஆபத்து, வழி சரியாகவும் நேரம் தவறாகவும் இருப்பது. 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் பாதை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவு 9 முதல் காலை 6 மணி வரை கார்களுக்கு மூடப்படுகிறது. மேப்பில் இது வரும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். மலையடிவாரத்தில் சோதனைச் சாவடி இருக்கும் பண்ணாரி, கோவையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். வழி கேட்கும்போது முதல் இலக்காக மைசூரைப் போடாமல் பண்ணாரியைப் போட்டு, சோதனைச் சாவடிக்கு எத்தனை மணிக்குச் சேர்வீர்கள் என்று பாருங்கள். ஊட்டி வழியாக மாற்றிக்கொள்ள நினைத்தாலும் பந்திப்பூரில் அதே 9 முதல் 6 தடை. நீலகிரிக்கு இ-பாஸும் வேண்டும்.

வண்டி நின்றுவிட்டால்தான் ஜிபிஎஸ்ஸின் அருமை முழுதாகத் தெரியும். நீலப்புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தாலே சுமார் 11 மீட்டருக்குள் இடம் சொல்லிவிடும். டேட்டா வராத இடத்திலும் ஒரு கோடு சிக்னல் இருந்தால் குறுஞ்செய்தி போய்விடலாம். 108-க்குப் பேச முடிந்தால் 'ஹாசனூர் தாண்டி ஏதோ ஒரு வளைவு' என்பதோடு இந்த எண்களையும் படித்துச் சொல்லுங்கள்.

கைபேசியை வெயில் படும் கண்ணாடியில் ஒட்டாமல் ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டுங்கள். சூடேறினால் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். தனிக் கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல கார் சார்ஜரும் தாங்கியும் வாங்கலாம். வெளிநாட்டு உறவினர் யாராவது செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியைத் தந்தால் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.