பாட்டாவின் கிளிக் காமிராவும் முட்டத்து வெயிலும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வெள்ளையடிக்க வீட்டை ஒதுக்கியபோது என் பாட்டாவின் (தாத்தாவின்) அக்ஃபா கிளிக் 3 காமிரா கிடைத்தது. பிளாஸ்டிக் உடம்பு, ஒற்றை லென்ஸ். வெயிலா மேகமா என்று கேட்பதோடு சரி, வேறு எதையும் மாற்ற முடியாது. ஆன்லைனில் 400 வேக கருப்பு வெள்ளை பிலிம் மூன்று சுருள் வாங்கி, ஒன்றை முட்டம் கடற்கரையில் உச்சி வெயிலில் எடுத்து முடித்தேன். கழுவி வந்த நெகட்டிவ் கன்னங்கரேலென்று இருந்தது. படங்கள் எல்லாம் வெளிறிப்போய், சிலவற்றின் நடுவே வட்டமாக வெள்ளைப் புள்ளி வேறு. ஒன்றில் இரண்டு காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. இதே காமிராவில் பாட்டா எடுத்த கல்யாணப் படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன். “ஷோகேசில வச்சுக்கோ தம்பி” என்றார் அண்ணாச்சி. கோளாறு காமிராவிலா, என்னிடமா? வேறு நல்ல காமிரா வாங்கிவிடட்டுமா? பாட்டாவின் நெகட்டிவ்களும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. அவற்றை என்ன செய்ய?

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

காமிரா வாங்க வேண்டாம். பிலிமை மாற்றுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

கிளிக் வரிசை 1958-ல் ஜெர்மனியில் தொடங்கியது. உங்களிடம் இருக்கும் மூன்றாம் எண் நம் நாட்டில், பரோடாவில் தயாரானது. சம்பளக்காரர் வீடுகளுக்குள் காமிரா நுழைந்ததே இந்த மாதிரிப் பெட்டிகளால்தான். இதன் ஷட்டர் ஏறத்தாழ முப்பதில் ஒரு நொடி திறந்து மூடும். வெயில் குறியில் வைத்தால் ஒளி நுழையும் துவாரம் எஃப் 11 வாக்கில் இருக்கும் (எஃப் எண் கூடினால் துவாரம் சிறுக்கும்). நல்ல வெயிலில் 100 வேக பிலிமுக்கு எஃப் 16-ல் நூறில் ஒரு நொடி போதும் என்பது போட்டோக்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. கிளிக் அதைப்போல ஆறேழு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. நீங்கள் போட்டதோ 400, அதற்கு 100-க்கு வேண்டியதில் கால்வாசி ஒளியே போதும். ஆக இருபத்தைந்து மடங்குக்கு மேல். முட்டத்தில் மணலும் கடலும் அடிக்கிற பிரதிபலிப்பைச் சேர்த்தால் ஐம்பதைத் தொட்டுவிடும். ஒளி கூடினால் நெகட்டிவ் கருக்கும், படம் வெளிறும். கருப்பு வெள்ளை பிலிம் நிறையவே பொறுக்கும், ஆனால் இதைப் பொறுக்காது.

இந்தக் காமிரா சந்தைக்கு வந்த காலத்தில் குடும்பங்கள் வாங்கிய பிலிம் இவ்வளவு வேகமானதல்ல. அந்த மந்தமான பிலிமை நம்பித்தான் இப்படி அமைத்தார்கள். திருகுவதற்கு ஒன்றும் இல்லாததால், எந்த பிலிமைப் போடுகிறோம், எத்தனை மணிக்கு எங்கே போய் நிற்கிறோம் என்பவைதான் இதன் திருகுகள். இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொடுப்பினை அதிகம். முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை என்றால் 50 அல்லது 100 வேகம் போடுங்கள், அதுவும் காலையிலோ மாலையிலோ. 50-க்கு இல்ஃபோர்டு பான் எஃப் இருக்கிறது, 100-க்கு ஃபோமா இருக்கிறது. 400-ஐத் தூக்கிக்கொண்டு குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் போங்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) விட்ட நேரத்தில் மப்பும் மந்தாரமுமாக, மரத்தடியில் ஒரு பச்சை இருட்டு இருக்குமே, அங்கே குறியை மேகத்துக்குத் தள்ளினால் அந்த பிலிம் அளவெடுத்த மாதிரி பொருந்தும். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் எடுக்கலாமே என்று ஆசைப்படாதீர்கள். அந்த இருட்டுக்கு 400-ம் காணாது. வெளிமுற்றத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாட்டாவின் படங்கள் பளிச்சென்று இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு ஸ்கேலை எடுத்து ஆல்பத்தில் உள்ள படத்தை அளந்து பாருங்கள். இரண்டேகால் அங்குலச் சதுரமாக இருந்தால் அது கான்டாக்ட் பிரின்ட். நெகட்டிவைத் தாளின்மேல் அப்படியே வைத்து ஒளி காட்டி எடுத்தது. பெரிதாக்காததால் ஒற்றை லென்ஸின் மங்கலும் தெரியாது, கை நடுங்கியதும் தெரியாது. நீங்கள் உங்கள் படத்தை கம்ப்யூட்டர் திரை முழுக்க விரித்துப் பார்க்கிறீர்கள். பாட்டாவின் படத்தை அப்படி விரித்தாலும் ஓரங்கள் கரைந்துதான் தெரியும்.

நடுவில் விழுந்த வட்டம், காமிராவின் முதுகில் எண் பார்க்க வைத்திருக்கிற சிவப்புச் சன்னலின் வேலை. சிவப்பு ஒளி உறைக்காத பழைய பிலிம்களுக்கு அது பாதுகாப்பாக இருந்தது. இப்போதைய பிலிம்களுக்குச் சிவப்பும் தெரியும். சன்னல்மேல் கருப்பு டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த எண்ணுக்குச் சுற்றும்போது மட்டும் நிழலில் திரும்பி நின்று தூக்கிப் பார்த்தால் போதும்.

இரட்டைப் படம் விழாமல் தடுக்க இதில் பூட்டு கிடையாது, பிலிமைச் சுற்றாமல் எத்தனை தடவை சொடுக்கினாலும் அதே இடத்தில் விழும். எடுத்த கையோடு சுற்றிவிடுகிற பழக்கம் வேண்டும். அப்புறம், முப்பதில் ஒரு நொடி கைக்கு நீளமான நேரம். கனமில்லாத பெட்டி வேறு. ஆரல்வாய்மொழிக் காற்றில் காற்றாலைகளை எடுக்கப் போனால் எதிலாவது சாய்ந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். ஆட்களைப் பத்தடிக்குக் கிட்டே நிற்க வைக்க வேண்டாம்.

இதையெல்லாம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஹாங்காங்கிலிருந்து வந்த டயானா, ஹோல்கா காமிராக்களின் ஒளிக்கசிவையும் மங்கலையுமே அழகு என்று கொண்டாடுகிற ஒரு ரசனை உலகம் முழுக்க உண்டு. இருக்கட்டும், எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. நம் வீடுகளில் இந்தப் பெட்டியைக் கையில் எடுத்தவர்கள் பிள்ளையின் முகம் துலக்கமாக விழ வேண்டும் என்றுதான் வெயிலில் கண் கூசக் கூச நிற்க வைத்தார்கள். அந்த அக்கறையோடு எடுத்துப் பாருங்கள், பிறகு மங்கல் வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

இனி அந்த பிஸ்கட் டப்பா. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவசரம். மூடியைத் திறந்ததும் காடி (வினிகர்) வாசனை அடிக்கிறதா? அடித்தால் பிலிமின் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும், நம்மூரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கிளம்புகிற அமில ஆவி டப்பாவுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் நன்றாக இருக்கும் சுருளையும் கெடுத்துவிடும். எனவே வாசனை வருவதைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மீதியைக் காகித உறைகளில் போட்டு, வீட்டிலேயே ஈரமில்லாத, காற்றோட்டமான அறையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் அச்சாகியிருக்கும் பெயரையும் பாருங்கள். ‘இந்து’ என்றிருந்தால் அது ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் சரக்கு. அங்கே 1967-ல்தான் உற்பத்தி தொடங்கியது, ஆகவே அந்தப் படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. தேதி எழுதாத கல்யாணப் படங்களுக்கு இதுவும் ஒரு துப்பு.

இந்தக் காமிரா கேட்கும் 120 அளவு பிலிம் 1901-ல் வந்தது, இன்னும் விற்கிறது. அது பாட்டா செய்த புண்ணியம். அவர், தயாரிப்பு நின்றுபோன 126 கேட்ரிட்ஜ் பிலிம் போடும் இன்ஸ்டமேட்டிக் காமிரா வாங்கியிருந்தால் அண்ணாச்சி சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

மீதி இரண்டு சுருளையும் மழைக்காலம் வரை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைக் கிழிக்காமல் ஒரு மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நம்மூர் ஈரக்காற்றுக்கு பிலிம் வியர்த்துவிடும்.