மகளுக்குக் 'கோதை' எனப் பெயரிடலாமா?

வணக்கம். 'கோதை' பழம்பெயர் என்று உறவினர் தயங்குவதாகவும், அது ஆண்பெயர் என ஒருவர் சொன்னதால் தாங்கள் குழம்பியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை உண்டு. கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை போன்ற சேர மன்னர்களைப் புறநானூற்றில் காண்கிறோம். ஆயினும் பூமாலையைக் குறிக்கும் இச்சொல், மாலை சூடிய பெண்ணையும் குறித்து இலக்கியத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

திருவில்லிபுத்தூரில் துளசிச் செடியருகே கண்டெடுத்த குழந்தையைப் பெரியாழ்வார் கோதை என அழைத்து வளர்த்தார் என்பது வைணவ மரபு. 'ஆண்டாள்' என்ற பெயரே இன்று பெரிதும் வழங்கினாலும், திருப்பாவையின் 30ஆம் பாசுரத்தில் அவர் தம்மைப் 'பட்டர்பிரான் கோதை' என்றே குறிப்பிடுகிறார். ஒரு பெண் கவிஞர் தம் பாடலுக்குள் தாமே பதித்துவைத்த பெயர் என்பதுதான், என் கருத்தில், இதன் தனி அழகு. மேலும், இரண்டே எழுத்துகள் என்பதால் சுருக்கிக் கூப்பிட வேறொரு செல்லப்பெயர் தேவைப்படாது (பாட்டிமார் எப்படியும் ஒன்று வைத்துவிடுவார்கள்).

ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். முதலெழுத்து 'கே'யா 'ஜி'யா என்பது பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவிலும் மாறிவிட்டால், பின்னர் கடவுச்சீட்டு எடுக்கும்போது வீண் அலைச்சல் நேரும்.